முதல் படத்துக்கு டிரெய்லர்: எடிட் அறைக்கு வெளியே நடக்கும் வேலைகளும் சேர்த்து

படம் முடிந்துவிட்டது, எடிட்டர் பக்கத்திலேயே இருக்கிறார், இரண்டு ராத்திரி உட்கார்ந்தால் டிரெய்லர் தயார் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வெட்டும் வேலை நிஜமாகவே சீக்கிரம் முடிந்துவிடும். இழுத்தடிப்பவை வேறு: பாட்டின் உரிமை, தனித்தனி ஒலித்தடங்கள், சான்றிதழ், தியேட்டர் கேட்கும் வடிவத்தில் கோப்பு. சின்னப் படம் ஒன்றின் டிரெய்லரை வெளியே கொண்டுவர நாங்கள் பட்ட பாட்டில் பெரும்பகுதி எடிட் அறைக்கு வெளியேதான் நடந்தது. பெரிய படங்களில் இதையெல்லாம் விளம்பரக் குழுவில் யாரோ பார்த்துக்கொள்வார்கள். அந்த யாரோ நீங்களேதான் என்றால், மேலே படியுங்கள்.

1. யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்று எழுதுங்கள்

டைம்லைனைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதுங்கள். இந்தப் படத்துக்கு முதல் ஆளாக டிக்கெட் எடுக்கப்போவது யார்? அவர் எதற்காக வருகிறார்: சிரிக்கவா, பயப்படவா, அழவா? டிரெய்லர் முடியும்போது அவர் மனதில் நிற்க வேண்டிய கேள்வி என்ன?

"எல்லோருக்குமான படம்" என்று எழுதியிருந்தால் தாளைக் கிழித்துப்போட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள். கொஞ்சம் காமெடி, கொஞ்சம் சென்டிமென்ட், கொஞ்சம் சண்டை, கடைசியில் ஒரு கருத்து என்று எல்லாவற்றையும் தூவிய டிரெய்லரைப் பார்ப்பவர் "நல்லாத்தான் இருக்கு" என்பார். டிக்கெட் எடுக்க மாட்டார்.

தயாரிப்பாளர், இயக்குநர், எடிட்டர் மூவரும் இந்தத் தாளை ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு வரும் சண்டைகளில் பாதியை இதுவே தீர்த்துவைக்கும். "என் ஃபேவரிட் ஷாட்டைக் காணோமே" என்று இயக்குநர் கேட்கும்போது, அந்த ஷாட் தாளில் உள்ள ஆளைக் கூப்பிடுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

2. படம் எடிட்டில் இருக்கும்போதே கேட்டு வாங்க வேண்டியவை

இதைத் தள்ளிப்போட்டால் பிறகு யாரும் கிடைக்க மாட்டார்கள். சவுண்ட் ஆட்கள் அடுத்த படத்துக்குப் போயிருப்பார்கள், ஹார்ட் டிஸ்க் யாருடைய அலமாரியிலோ இருக்கும்.

முதல் தேவை, வசனம், இசை, சத்தங்கள் மூன்றும் தனித்தனித் தடங்களாக. முழுதாக மிக்ஸ் செய்த ஒலியிலிருந்து டிரெய்லர் வெட்ட முடியாது. வசனத்துக்கு அடியில் பின்னணி இசை ஒட்டியிருக்கும்; நீங்கள் வசனத்தை நறுக்கினால் இசையும் நடுவில் துண்டாகும். மிக்ஸிங் ஸ்டூடியோவோடு ஒப்பந்தம் போடும்போதே இந்தத் தடங்களையும் தர வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். பின்னால் தனியாகக் கேட்டால் தனிக் கட்டணம் கேட்பார்கள். கேட்பதிலும் நியாயம் உண்டு.

இரண்டாவது, மேலே எழுத்து எதுவும் இல்லாத சுத்தமான காட்சிகள். சப்டைட்டிலோ ஊர்ப் பெயரோ பதிந்துவிட்ட ஷாட்டை வேறு மொழி டிரெய்லருக்குப் பயன்படுத்த முடியாது.

மூன்றாவது, படத்தில் சேராமல் போன டேக்குகளின் பட்டியல். நடிகர் திரும்பிப் பார்க்கும் ஒரு நொடி, வெறும் அறை, காத்திருக்கும் முகம். கதைக்குத் தேவைப்படாத இந்தத் துண்டுகள் டிரெய்லரில் இரண்டு காட்சிகளை ஒட்டவைக்கும் பசை.

சிஜி (கணினி வரைகலை) வேலை உள்ள படமென்றால், டிரெய்லரில் வரப்போகும் ஷாட்டுகளை முதலில் முடித்துத் தரச்சொல்லி சிஜி குழுவிடம் வரிசை கொடுங்கள். அரைகுறை சிஜியோடு வரும் டிரெய்லரை யாரும் மன்னிப்பதில்லை, "இறுதியானது அல்ல" என்று கீழே எழுதினாலும்.

3. தாள்கள்

நேரமும் பணமும் கரையும் இடம் இதுதான். விரிவாகவே சொல்கிறேன்.

இசை. ஒரு பாட்டுக்கு இரண்டு உரிமைகள் உண்டு. மெட்டு, வரிகளுக்கானது ஒன்று. பாடிப் பதிவுசெய்த ஒலிக்கானது இன்னொன்று. இரண்டும் பெரும்பாலும் இரண்டு பேரிடம் இருக்கும், இருவரிடமும் எழுத்தில் வாங்க வேண்டும். படத்துக்குள் பயன்படுத்த அனுமதி வாங்கியிருக்கிறோமே என்பீர்கள். அந்தக் காட்சியோடு சேர்ந்து பாட்டு வந்தால் அந்த அனுமதி சில சமயம் விளம்பரத்துக்கும் செல்லும். அதே பாட்டை வேறு காட்சிகளின் மேல் ஓடவிட்டால் அது தனிப் பயன்பாடு, அதற்குத் தனிக் கட்டணம். டிரெய்லரில் எல்லாமே வேறு காட்சிகளின் மேல்தான் ஓடும். அனுமதிக் கடிதத்தில் எந்த ஊடகங்கள், எந்த நாடுகள், எவ்வளவு காலம் என்ற மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். இணையத்துக்கு ஓராண்டு என்று வாங்கிவிட்டால், ஓராண்டு முடிந்ததும் டிரெய்லரைக் கீழே இறக்க வேண்டியிருக்கும்.

இதோடு பிறந்த ஒரு பொறி: தற்காலிக இசை. வெட்டும்போது வேகம் பிடிக்க எடிட்டர் யாரோ ஒருவரின் பிரபலமான இசையைப் போட்டுக்கொள்வார். பத்து தடவை கேட்டபின் எல்லோருக்கும் அது பழகிவிடும். இசையமைப்பாளர் புதிதாகத் தருவது எதுவும் அதன் பக்கத்தில் நிற்காது. உரிமை கிடைக்கக்கூடிய இசையை மட்டும் தற்காலிகமாகப் போடுங்கள், அல்லது இசையமைப்பாளரை முதல் வெட்டிலேயே உட்காரவையுங்கள். இசை நூலகங்களிலிருந்து வாங்குவதும் நல்ல வழி. ஆனால் அதே இசை இன்னொரு படத்தின் டிரெய்லரிலும் வரலாம். அதைத் தடுக்கத் தனியுரிமை வாங்க வேண்டும், அது விலை கூடியது.

நடிகர்கள். பெயர் எந்த வரிசையில், யாருக்கு எவ்வளவு பெரிய எழுத்தில், பெயருக்கு முன் "மற்றும்" வருமா என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கும். விளம்பரத்தில் காட்டக்கூடாத காட்சிகளையும் சிலர் எழுதி வாங்கியிருப்பார்கள், குறிப்பாக நெருக்கமான காட்சிகள். ஒப்பந்தங்களை ஒரு தடவை படித்து, டிரெய்லருக்குப் பொருந்துகிற வரிகளை மட்டும் ஒரே பக்கத்தில் தொகுத்து எடிட்டரிடம் கொடுங்கள். டைட்டில் கார்டு போட்டபிறகு மாற்றுவது எளிது. அதற்குள் நடிகரின் மேலாளர் போன் செய்திருப்பார் என்பதுதான் சிக்கல்.

மற்றவை. காசு கொடுத்து வாங்கிய ஆவணக் காட்சிகளில் "செய்திப் பயன்பாட்டுக்கு மட்டும்" என்ற நிபந்தனை இருந்தால் விளம்பரத்தில் தொடக்கூடாது. எழுத்துருவுக்கும் உரிமம் உண்டு. இலவசமாக இறக்கியது பெரும்பாலும் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே. திரைப்பட விழாவின் இலைச் சின்னத்தைப் போடுவதானால் விழாக்காரர்கள் அனுப்பிய கோப்பையே போடுங்கள். திரையிடலுக்குத் தேர்வானதும் பரிசு வாங்கியதும் வேறு வேறு. விமர்சகரின் வரியை எடுத்தால் அவர் சொன்ன பொருள் மாறாமல் எடுங்கள். "அற்புதமான ஒளிப்பதிவு, அவ்வளவுதான்" என்பதிலிருந்து முதல் சொல்லை மட்டும் பிடுங்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த விமர்சகரே அதை ஊருக்கு எடுத்துச் சொல்வார்.

4. நீளம்

டீசர் ஒரு நிமிடத்துக்குள் அல்லது அதை ஒட்டி. சூழலையும் முகங்களையும் காட்டினால் போதும், கதை வேண்டாம். டிரெய்லர் இரண்டு நிமிடம், மிஞ்சினால் இரண்டரை. அமெரிக்கத் தியேட்டர் உரிமையாளர்களின் சங்கம் 2014-ல் கொண்டுவந்த வழிகாட்டுதலில், டிரெய்லர் 2 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும், வெளியீட்டுக்கு 150 நாட்களுக்கு முன்பிருந்துதான் தியேட்டரில் ஓட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். கட்டாயமில்லை, ஆனாலும் நல்ல அளவுகோல். உங்களிடம் பெரிய நட்சத்திரம் இல்லையென்றால் ஒன்றே முக்கால் நிமிடத்தைத் தாண்டாதீர்கள் என்பது என் கருத்து. தெரியாத முகங்களை அதற்குமேல் பொறுமையாகப் பார்க்கவைப்பது கடினம்.

5. வெட்டுதல்

படத்தை வெட்டிய எடிட்டரே டிரெய்லரையும் வெட்ட வேண்டும் என்றில்லை. மாதக்கணக்கில் படத்தோடு இருந்தவருக்கு எந்தக் காட்சி புதியவருக்குப் புரியாது என்று தெரியாமல் போகும். வெளி ஆள் ஒருவரை வைத்தால், எத்தனை முறை திருத்தம், புராஜெக்ட் கோப்பு யாருக்குச் சொந்தம் என்ற இரண்டையும் முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். கோப்பு உங்கள் கையில் இல்லையென்றால் வெளியீட்டுத் தேதி மாறினால்கூட அவரையே தேட வேண்டும்.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். மகள் வெளியே நின்று கதவைத் தட்டுகிறாள். உள்ளே நாற்காலியில் இருக்கும் அப்பா எழுந்திருக்கவில்லை. படத்தில் இது ஒன்றரை நிமிடம். அவர் முகத்தில் ஓடுவதைப் பார்க்க அந்த நேரம் வேண்டும். டிரெய்லரில் பத்து நொடிதான். இருட்டுத் திரையில் முதல் தட்டு. நாற்காலியின் கைப்பிடியில் அவர் விரல்கள் இறுகுகின்றன. இரண்டாவது தட்டு. "அப்பா, நீங்க உள்ளதான் இருக்கீங்கன்னு தெரியும்." வசனம் அவள் முகத்தில் தொடங்கி, சேறு காய்ந்த ஒரு ஜோடி செருப்பின் மேல் முடிகிறது. அந்தச் செருப்பு ஷாட் படத்தில் வேறு இடத்தில் வருவது. பார்ப்பவர் மூன்றாவது தட்டுக்குக் காத்திருக்கிறார்; அது வராமல் படத்தின் பெயர் வருகிறது. அப்பா என்ன செய்துவிட்டு ஒளிந்திருக்கிறார் என்று நாம் சொல்லவில்லை, கேட்கவைத்தோம். இதைச் செய்ய அந்தத் தட்டுச் சத்தம் இசை கலக்காமல் தனியாக வேண்டும். இரண்டாம் படியில் தடங்களைப் பற்றி அவ்வளவு அழுத்திச் சொன்னது இதற்காகத்தான்.

எவ்வளவு கதை சொல்லலாம் என்று எல்லோரும் கேட்பார்கள். நான் பிடிக்கும் அளவு: படத்தின் முதல் பாதியிலிருந்து கதை, இரண்டாம் பாதியிலிருந்து முகமும் அசைவும் மட்டும். நல்ல நகைச்சுவை நான்கு இருந்தால் இரண்டைத் தியேட்டருக்கு வையுங்கள்.

படத்தில் இல்லாததைக் காட்டுவது பற்றி. 2016-ல் வந்த 'ஃபேன்' என்ற இந்திப் படத்தின் விளம்பரத்தில் வந்த பாட்டு படத்தில் இல்லை என்று ஒரு பார்வையாளர் நுகர்வோர் வழக்குப் போட்டார். விளம்பர டிரெய்லர் ஒப்பந்தமோ வாக்குறுதியோ ஆகாது என்று 2024 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அமெரிக்காவில் காற்று வேறு பக்கம் அடித்தது. 'யெஸ்டர்டே' படத்தின் டிரெய்லரில் இருந்த நடிகை படத்தில் இல்லை என்று இரண்டு ரசிகர்கள் தொடுத்த வழக்கில், டிரெய்லரும் வணிக விளம்பரமே, பொய் விளம்பரச் சட்டம் அதற்கும் பொருந்தும் என்று 2022 டிசம்பரில் ஒரு நீதிபதி சொன்னார். சட்டம் எப்படியிருந்தாலும், சோகப் படத்தைக் காமெடியாக வெட்டி விற்றால் முதல் காட்சி முடிந்து வெளியே வருபவர்களே உங்களுக்கு எதிர் விளம்பரம்.

6. படம் பார்க்காதவர்களிடம் காட்டுங்கள்

நண்பர்களிடம் காட்டாதீர்கள், குறைந்தபட்சம் கதை தெரிந்த நண்பர்களிடம் வேண்டாம். ஒன்றும் சொல்லாமல் ஒரு தடவை ஓடவிடுங்கள், பெரிய திரையில் அல்ல, போனில். பிறகு "எப்படி இருக்கு?" என்று கேட்காமல் இவற்றைக் கேளுங்கள்: இது என்ன கதை என்று நினைக்கிறீர்கள்? யாரோடு போய்ப் பார்ப்பீர்கள்? எந்த இடத்தில் கவனம் போனது? முதல் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் வந்தால் வெட்டு தெளிவில்லை. படத்தின் முழுக்கதையையும் சரியாகச் சொல்லிவிட்டால் அதைவிட ஆபத்து. நடுவில் குறுக்கிட்டு விளக்காதீர்கள். இணையத்தில் பார்ப்பவர் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்கப்போவதில்லை.

7. சான்றிதழ்

தியேட்டரில் ஓடவேண்டிய டிரெய்லருக்குப் பல நாடுகளில் படத்தைப் போலவே தனியாகத் தணிக்கை உண்டு. இந்தியாவிலும் பிரிட்டனிலும் அப்படித்தான். படத்துக்குக் கிடைத்த சான்றிதழ் டிரெய்லருக்குச் செல்லாது. அமெரிக்காவில் வயதுத் தரமிட்ட படங்களின் டிரெய்லர் எந்தப் பார்வையாளர்களுக்கு உரியது என்பதை அதன் தொடக்கத்தில் வரும் பச்சை அல்லது சிவப்புப் பட்டை சொல்லும்.

இங்கே கவனிக்க வேண்டியது, டிரெய்லருக்குக் கிடைக்கும் வகைதான் அது எந்தப் படத்தோடு ஓடலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. ரத்தம் தெறிக்கும் ஒரே ஒரு ஷாட்டால் பெரியவர்களுக்கு மட்டும் என்ற வகை வந்தால், குடும்பப் படத்தின் இடைவேளையில் அது ஓடாது. உங்கள் பார்வையாளர் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார் என்றால் அந்த ஷாட்டை விட்டுக்கொடுங்கள். புகைபிடிக்கும் காட்சிக்கு எச்சரிக்கை வாசகம், விலங்குகள் வரும் காட்சிக்குத் தடையில்லாச் சான்று என்று நாட்டுக்கு நாடு கூடுதல் விதிகள் இருக்கும். விண்ணப்பிப்பதற்கு முன் பட்டியலைப் பாருங்கள். சான்றிதழ் வாங்கியபிறகு ஒரு ஷாட்டை மாற்றினாலும் அது வேறு டிரெய்லர், மறுபடி போக வேண்டும். ஆகவே தயாரிப்பாளர், இயக்குநர், எடிட்டர் மூவரும் கையெழுத்திட்ட இறுதி வெட்டை மட்டுமே அனுப்புங்கள்.

8. தியேட்டருக்கான கோப்பு

தியேட்டருக்கு டிசிபி (டிஜிட்டல் சினிமா பேக்கேஜ்) என்ற கோப்புத் தொகுப்பு வேண்டும். யூடியூபுக்கு ஏற்றிய கோப்பை அனுப்பினால் திரும்பிவரும். அகலத்திரைக்கு ஒன்றும் 1.85 விகிதத்துக்கு ஒன்றும் என இரண்டு வடிவங்கள் செய்துவையுங்கள். எந்தப் படத்தோடு ஓடுகிறதோ அதன் வடிவத்தில் கேட்பார்கள். 2கே என்ற தெளிவுத்திறனில் அகலத்திரை 2048×858 பிக்சல், மற்றது 1998×1080, நொடிக்கு 24 ஃபிரேம். படத்தைப்போல், சாவி இல்லாமல் திறக்க முடியாதபடி கோப்பைப் பூட்டி அனுப்பாதீர்கள். டிரெய்லர் எத்தனை தியேட்டரில் ஓடுகிறதோ அவ்வளவு நல்லது, சாவி அனுப்பும் தொல்லை வேண்டாம்.

ஒலி அளவுக்கும் வரம்பு உண்டு. டிரெய்லர் ஒலிக்கான அமெரிக்கத் தர அமைப்பு வைத்திருக்கும் உச்சம், லெக் எம் என்ற சராசரிச் சத்த அளவையில் 85 டெசிபல். மற்ற டிரெய்லர்களை விடச் சத்தமாக இருந்தால் எடுபடும் என்று தோன்றும். நடப்பது வேறு: ஆபரேட்டர் சத்தத்தைக் குறைப்பார், மெல்லிய வசனம் முதலில் காணாமல் போகும். ஒரு தியேட்டரில் காலைக் காட்சிக்கு முன் கேட்டுக்கொண்டு ஓட்டிப்பாருங்கள். கணினியில் தெரியாத இருட்டு, ஒரு பக்கம் மட்டும் வரும் ஒலி, வெட்டுப்படும் எழுத்து எல்லாம் அங்கேதான் பிடிபடும்.

9. இணையத்துக்கான கோப்பு

தியேட்டரில் உட்கார்ந்தவர் எழுந்து போக மாட்டார். போனில் பார்ப்பவருக்கு விரல் போதும். யூடியூப் விளம்பரமாக ஓடும்போது பெரும்பாலும் 5 நொடியில் தாண்டிப்போகும் பொத்தான் வந்துவிடும். தயாரிப்பு நிறுவனச் சின்னங்கள் மூன்று வரிசையாக வந்தால் அந்த 5 நொடி அங்கேயே போச்சு. சின்னங்களைப் பின்னால் தள்ளுங்கள், முதல் ஷாட்டிலேயே ஒரு முகமோ ஒரு கேள்வியோ இருக்கட்டும். சத்தமில்லாமல் பார்ப்பவர்களுக்காக வசன எழுத்தைத் தனிக் கோப்பாக ஏற்றுங்கள். செங்குத்து வடிவத்தை நடுவில் நறுக்கி ஒப்பேற்றாமல் ஷாட் ஷாட்டாகச் சட்டகம் மாற்றி வெட்டுங்கள்.

கடைசி 20 நொடிக்குள்தான் யூடியூபில் அடுத்த வீடியோ, சேனல் பெட்டிகள் வைக்க முடியும். வெளியீட்டுத் தேதி அந்தப் பெட்டிகளுக்கு அடியில் மறையாதபடி எழுத்தை நகர்த்துங்கள்.

இன்னொரு பொறி உரிமைக் கோரல். பாட்டை வாங்கிய ஆடியோ நிறுவனம் அந்த ஒலி தனக்குச் சொந்தம் என்று யூடியூபில் பதிந்துவைத்திருந்தால், உங்கள் சொந்தப் படத்தின் டிரெய்லருக்கே தானியங்கிக் கோரல் வந்து விழும், சில நாடுகளில் முடங்கவும் செய்யும். உங்கள் சேனலை விலக்குப் பட்டியலில் சேர்க்கச்சொல்லி முன்பே எழுத்தில் கேளுங்கள். பிறகு யாருக்கும் காட்டாத நிலையில் ஏற்றி, சோதனை முடிந்தபின் வெளியிடுங்கள். சுபமுகூர்த்தம் பார்த்து ஆறு மணிக்கு ஏற்றி ஆறேகாலுக்குத் தவிப்பவர்களை நிறையப் பார்க்கலாம்.

10. பணமும் நாளும்

செலவு வரிசை: எடிட்டர், இசை, டைட்டில் வடிவமைப்பு, ஒலி மிக்ஸிங், நிறத் திருத்தம், டிசிபி, சான்றிதழ்க் கட்டணம், மொழிவாரி எழுத்து, கடைசியாக விளம்பரச் செலவு. சிக்கனம் செய்யவேண்டுமென்றால் டைட்டில் வடிவமைப்பில் செய்யுங்கள். கறுப்பில் வெள்ளை எழுத்து யாரையும் விரட்டியதில்லை. மிக்ஸிங்கில் செய்யாதீர்கள். விளம்பரச் செலவைத் தனியாக ஒதுக்கிப் பூட்டிவையுங்கள், இல்லாவிட்டால் முன்னால் உள்ளவை அதைத் தின்றுவிடும்.

நாட்களை வெளியீட்டிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். டிரெய்லர் ஒரு மாதத்துக்கு முன் வரவேண்டுமானால், சான்றிதழுக்கும் டிசிபிக்கும் அதற்கு முன் இரண்டு மூன்று வாரம் விடுங்கள். மிக்ஸிங்கும் நிறமும் அதற்கு முந்தைய வாரம். வெட்டுக்கும் திருத்தங்களுக்கும் ஒரு மாதம். பாட்டு உரிமைக்கான கடிதம் வெட்டு தொடங்கும் நாளிலேயே போயிருக்க வேண்டும். பதில் வர எவ்வளவு ஆகும் என்பது உங்கள் கையில் இல்லை. தியேட்டர்கள் உறுதியாகாமல் தேதியை டிரெய்லரில் போடாதீர்கள். "விரைவில்" என்று ஒரு வடிவமும் தேதியோடு ஒரு வடிவமும் இரண்டையும் தயாராக வைத்துக்கொள்ளலாம்.

11. வந்த பிறகு

பார்வை எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். விளம்பரமாக ஓடவிட்டால் எண் ஏறத்தான் செய்யும். சேனல் கணக்கில் எந்த நொடியில் எத்தனை பேர் விலகினார்கள் என்ற வரைபடம் இருக்கும், அதைப் பாருங்கள். ஒரே இடத்தில் கூட்டமாக விலகினால், அடுத்து விடப்போகும் 30 நொடித் துண்டுகளில் அந்தக் காட்சியைத் தூக்கிவிடுங்கள். எந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார்களோ, போஸ்டருக்கும் அடுத்த துண்டுக்கும் அதை எடுங்கள். முதல் நாள் கருத்துகளில் "எந்தத் தியேட்டர்?", "எப்போ ரிலீஸ்?" என்ற கேள்விகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், தேதி தெளிவாக இருந்தும் இவை வந்தால் எழுத்து சிறியது என்று பொருள். டிக்கெட் பதிவு திறந்த அன்றே அந்த இணைப்பை வீடியோவின் விளக்கக் குறிப்பில் முதல் வரியாகப் போடுங்கள். மூன்றாவது வரிக்குக் கீழே போனால் பலர் கண்ணில் படாது.

எல்லாக் கோப்புகளையும், எழுத்தில்லா வடிவம், தனித் தடங்கள், உரிமைக் கடிதங்கள் உட்பட, இரண்டு டிஸ்க்கில் வையுங்கள். ஓடிடிக்கும் தொலைக்காட்சிக்கும் படம் போகும்போது புதிய நீளத்தில் டிரெய்லர் கேட்பார்கள், பெரும்பாலும் நாளைக்கே வேண்டும் என்பார்கள்.